கால் மைல் கணக்கு

டிராக் பந்தயத் திடலுக்கு வந்து சேர்ந்த பழைய காரின் சொந்தக்காரர் இறங்கியதும் டிக்கியைத் திறந்து காற்றழுத்தமானியை எடுக்கிறார். பின் டயர்களுக்குப் பக்கத்தில் குந்தி, வால்வை அழுத்திப் பாதிக் காற்றை வெளியே விடுகிறார். பள்ளிக்கூட வாசலில் பிடிக்காதவன் சைக்கிளுக்குச் செய்கிற வேலை இது. இவர் சொந்தக் காருக்கே செய்துகொள்கிறார்.

சற்று முன்புவரை அந்தக் கார் நம்பர் பிளேட்டும் வைப்பரும் பாட்டுமாக நெடுஞ்சாலையில் ஓடிவந்தது. இன்னும் சற்று நேரத்தில் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, 12 வினாடிகளில் கடக்கப்போகிறது. பிறகு அதே காரில் அவர் வீடு திரும்ப வேண்டும்.

பந்தயத்துக்கென்று மட்டும் ஒரு காரைக் கட்டுவது, பணம் இருந்தால் ஆகிற காரியம். சாலைக்கென்று மட்டும் கட்டுவது அதைவிட எளிது. இரண்டையும் ஒரே காரிடம் கேட்கும்போதுதான் இயற்பியல் ஒரு கணக்குப்பிள்ளையைப் போலப் பேரேட்டோடு வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று எழுதாமல் விடாது.

பெரிய இன்ஜின், நடுத்தர உடல்

நடுத்தர உடலுக்குள் பெரிய காரின் இன்ஜினைத் திணித்தால் அது மஸில் கார். 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி இருந்தது: நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது. பான்டியாக்கின் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 389 கன அங்குல (6.4 லிட்டர்) இன்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக விற்றார்கள். விதி காகிதத்தில் இருந்தது. கார் சாலைக்கு வந்துவிட்டது.

நாம் எடுத்துக்கொள்ளப்போவது 1969 ஷெவ்ரலே கேமரோ. ஃபோர்டு மஸ்டாங்குக்குப் பதிலடியாக 1967 மாடலாக அறிமுகமான கார் இது. மஸ்டாங்கின் பெயரையொட்டி இந்த ரகத்தைப் 'போனி கார்' என்று தனியாகப் பிரிப்பவர்களும் உண்டு; ரசிகர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. எஸ்.எஸ். வகையில் 350 கன அங்குல (5.7 லிட்டர்) வி-8 இன்ஜினுக்கு 300 குதிரைத்திறன் என்று விளம்பரம் சொன்னது. அதே ஆண்டில் முழுக்க அலுமினியத்தால் ஆன 427 கன அங்குல இன்ஜினோடு வெறும் 69 கார்கள் மட்டும் தயாராயின. இசட்.எல்.1 எனப்பட்ட அந்த இன்ஜினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் விலை. அடிப்படைக் காரின் விலையை அது இரண்டு மடங்குக்கும் மேலாக்கியது.

விளம்பரம் சொன்ன 300-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்நாளில் இன்ஜினைக் கழற்றி மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் முதலிய சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல், காரில் இருக்கிற கோலத்திலேயே அளக்கும் முறை வந்தது. ஈயமில்லாத பெட்ரோலுக்கும் புகைக் கட்டுப்பாட்டுக்கும் இடம் கொடுக்க, 1971-இலேயே சிலிண்டரின் அமுக்க விகிதத்தையும் குறைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து, அதே 350 இன்ஜின் 1972-இல் 200 குதிரைத்திறன் என்று அச்சானது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்தக் காலம் முடிந்தது. கார்கள் மட்டும் பழுது பார்க்கும் கொட்டகைகளில் உயிரோடு தங்கின. இன்றைக்கு அவற்றைப் பிரித்துக் கட்டுகிறவர்கள், அந்த நாள் பொறியாளர்களுக்குக் கிடைக்காத பாகங்களைக் கொண்டு கட்டுகிறார்கள்.

இரட்டிப்பாக்கினால் பாதியாகாது

'டிராக்' என்ற சொல் இங்கே ஓடுதடத்தைக் குறிப்பதல்ல. அது பந்தயத்தின் பெயர். இரண்டு கார்கள் அசையாமல் நின்ற நிலையிலிருந்து கிளம்பி, நேர்க்கோட்டில் கால் மைல் ஓடும். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. தெருக்களில் திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்த இந்தப் போட்டியை வேலிக்குள் கொண்டுவந்து விதி வகுக்கத்தான் 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

ஓடி முடித்தவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். அதில் மூன்று எண்கள் முக்கியம்: முதல் 60 அடியைக் கடந்த நேரம், கால் மைலைக் கடந்த மொத்த நேரம், முடிவுக் கோட்டில் இருந்த வேகம். இந்தக் கடிகாரம் பச்சை விளக்கு எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. முன் சக்கரம் ஒளிக்கதிரை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது. ஓட்டுநர் தூங்கிவிட்டுக் கிளம்பினாலும் சீட்டில் நேரம் கெடாது. எதிராளியிடம் தோற்பதுதான் நடக்கும்.

இப்போது ஒரு கேள்வி. இன்ஜினின் திறனை இரண்டு மடங்காக்கினால் நேரம் பாதியாகுமா?

பள்ளிக்கூட இயற்பியலே போதும். ஓட்டுநரோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார், 300 கிலோவாட் திறன், அதாவது சுமார் 400 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் எதிர்ப்பு, கியரில் ஆகும் விரயம், டயர் வழுக்குவது எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். இன்ஜின் ஒவ்வொரு வினாடியும் ஒரே அளவு ஆற்றலைக் காருக்குக் கொடுக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே வேகம் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். இதைத் தூரமாக மாற்றினால், கால் மைலைக் கடக்கும் நேரம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது என்று கிடைக்கும். நம் காருக்கு விடை 9.9 வினாடி.

அந்தக் கனமூலம் மகா கஞ்சன். திறனை இரண்டு மடங்காக்கினால் நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். பாதியாக்க வேண்டுமானால் திறன் எட்டு மடங்காக வேண்டும். பந்தயக்காரர்கள் இதைப் பட்டறிவால் கண்டுகொண்டு வாய்பாடாகவே வைத்திருந்தார்கள். 1973-இல் ஜெஃப்ரி ஃபாக்ஸ் என்பவர் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் டிராக் பந்தயத்தின் இயற்பியல் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

ஆனால் நிஜத்தில் 400 குதிரைத்திறனும் 1,600 கிலோவும் உள்ள நல்ல கார் 12 வினாடியை ஒட்டித்தான் ஓடும். கணக்குப்படி 9.9, தடத்தில் 12. நடுவிலே தொலைந்த இரண்டு வினாடியைத் தேடித்தான் இந்தக் கொட்டகைகளில் இரவு முழுக்க விளக்கு எரிகிறது.

உள்ளங்கை அளவு ரப்பர்

தேட வேண்டிய முதல் இடம் தொடக்கக் கோடு. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. கார் நிற்கும்போது வேகம் பூஜ்யம்; அப்போதும் முழுத் திறனையும் வாங்க வேண்டுமானால் எல்லையில்லாத விசை வேண்டும். அந்த விசையைத் தரைக்குக் கடத்துவது பின் டயர்களின் அடியில் இருக்கும் இரண்டு ரப்பர்த் திட்டுகள். அவை தாங்குவதற்கு ஓர் அளவு உண்டு.

எவ்வளவு தாங்கும்? நம் கேமரோவின் எடையில் 56 விழுக்காடு முன் சக்கரங்களிலும் 44 விழுக்காடு பின் சக்கரங்களிலும் இருப்பதாகக் கொள்வோம். தள்ளுகிற வேலை பின் சக்கரங்களுடையது. எடையோ முன்னால் கிடக்கிறது. நல்லவேளையாகக் கார் பாயும்போது எடை பின்னுக்கு நகர்கிறது. டவுன் பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்பவர்கள் எல்லாரும் பின்பக்கம் சாய்வதைப் பார்த்திருப்போம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்குவதும் தெரியும். இங்கும் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தள்ளுவிசையோ தரை மட்டத்தில் பிடிக்கிறது. இந்த உயர வித்தியாசம் காரைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கிறது. மையம் எவ்வளவு உயரமோ, முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு எடை பின்னால் போகும். கேமரோவில் அந்தத் தூரம் 108 அங்குலம், அதாவது 2.74 மீட்டர்.

மற்ற பந்தயங்களில் காரைத் தாழ்த்துவார்கள். டிராக் பந்தயத்தில் உயரம் உதவுகிறது. 1960-களில் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்த 'கேஸர்' கார்களின் ரகசியம் இதுதான். 1965-இல் கிரைஸ்லர் நிறுவனம் இரண்டு ஜோடிச் சக்கரங்களையும் காருக்கு அடியில் முன்னோக்கித் தள்ளி வைத்த கார்களைக் களமிறக்கியது. சக்கரம் முன்னால் போனால் எடை பின் சக்கரத்தின் மேல் விழும். பார்க்க விசித்திரமாக இருந்ததால் வேடிக்கைக் கார் என்ற பொருளில் 'ஃபன்னி கார்' என்றார்கள். அந்தப் பெயர் பிறகு ஒரு பந்தய வகுப்புக்கே நிலைத்துவிட்டது.

இனி மூன்று கார்களைக் காகிதத்தில் ஓடவிடுவோம். மூன்றும் அதே கேமரோதான்.

முதலாவது, சாலை டயரோடு 400 குதிரைத்திறன். உராய்வுக் குணகம் 0.9 என்றால், எடைப் பெயர்ச்சியையும் சேர்த்து இது ஈர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான முடுக்கத்தைத்தான் பெற முடியும். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்வரை இன்ஜினிடம் மிச்சம் இருக்கும், டயரிடம் இருக்காது. கால் மைல் நேரம் 13.3 வினாடி.

இரண்டாவது, அதே சாலை டயர், ஆனால் 800 குதிரைத்திறன். நேரம் 13.2 வினாடி. இன்ஜினை இரட்டிப்பாக்கிக் கிடைத்தது பத்தில் ஒரு வினாடி. அதுவும் ஓட்டுநர் டயரை வழுக்கவிடாமல் ஓட்டினால்தான். வழுக்கிவிட்டால் முதல் காருக்குப் பின்னால்தான் வருவார்.

மூன்றாவது, பழைய 400 குதிரைத்திறன், பந்தய டயர், குணகம் 1.6. எடை கிளம்பும்போது பின்னுக்கு 62 விழுக்காடுவரை நகர்கிறது, முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தையே எட்டுகிறது. நேரம் 10.8 வினாடி. டயரை மாற்றியதில் மட்டும் இரண்டரை வினாடி லாபம்.

முதல் காரும் மூன்றாம் காரும் முடிவுக் கோட்டைத் தாண்டும் வேகத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. முதலாவது மணிக்கு 208 கிலோமீட்டர்; மூன்றாவது 218. நேரத்தில் அவ்வளவு தூரம் விலகிய இரண்டும் வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. காற்றெதிர்ப்பையும் விரயத்தையும் சேர்த்தால் வேகங்கள் குறையும், நேரங்கள் கூடும், சாயல் மாறாது. பந்தயக்காரர் துண்டுச் சீட்டைப் படிக்கும் முறை இதிலிருந்து வந்ததுதான்: முடிவு வேகம் இன்ஜினைப் பற்றிச் சொல்லும், முதல் 60 அடி நேரம் டயரைப் பற்றிச் சொல்லும். வேகம் நன்றாக இருந்து நேரம் மோசமென்றால் பானெட்டைத் திறக்காதே, காரின் பின்பக்கம் போ.

ஒட்டிப் பிடிக்கும் கலை

உராய்வுக் குணகம் ஒன்றைத் தாண்டுமா என்று கேட்கலாம். பாடப்புத்தக உராய்வு விதி கடினமான பொருள்களுக்குப் பொருந்தும். ரப்பர் அதற்குக் கட்டுப்படாது. மென்மையான ரப்பர் தரையின் நுண்மேடு பள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்குகிறது. தரையோடு மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்கிறது. மேடுகளின் மீது நசுங்கி மீளும்போது ஆற்றலை விழுங்கி இழுவையைக் கூட்டுகிறது. இவை எல்லாம் வெப்பநிலையைப் பொறுத்தவை. அதனால்தான் ஓட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்த இடத்தில் பின் சக்கரங்களை நனைத்து, நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை கிளப்புகிறார்கள். பார்ப்பவருக்கு அது வாணவேடிக்கை. உண்மையில் டயரின் மேல்தோலைச் சூடாக்கித் துடைக்கும் வேலை. தடத்தின் மேலும் பிசின் கலந்த பசையைத் தெளித்திருப்பார்கள். அங்கே நடந்தால் செருப்பு தரையோடு தங்கிவிடும்.

காற்றைக் குறைத்ததன் காரணமும் இப்போது விளங்கும். அழுத்தம் குறைந்தால் தரையைத் தொடும் திட்டு நீளும். டயரின் பக்கச்சுவர் கிளம்பும் நொடியில் துணிபோலச் சுருங்கி மடிந்து, இன்ஜினின் முதல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குத் தருகிறது. ஆனால் அதே மெல்லிய பக்கச்சுவர் நெடுஞ்சாலையில் பாம்பாக நெளியும். மழை வந்தால் தடமில்லாத வழவழப்பு டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். எனவே இரட்டை வாழ்க்கைக் காருக்கு நடுவழியாக 'டிராக் ரேடியல்' டயர் வந்தது. சாலைக்கு உரிய முத்திரையும் பெயருக்குச் சில தடங்களும் இருக்கும். ரப்பர் பந்தய ரகம். சாலையில் சீக்கிரம் தேயும். தேய்வதுதான் அது செலுத்தும் வாடகை.

டயருக்கு அடுத்தபடி, அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் கட்டமைப்பு. கேமரோவின் பின் ஆக்ஸில் லாரிகளில் இருப்பதைப்போலப் பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகிறது. 1967-இல் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டைதான். இன்ஜின் சக்கரத்தை முன்னோக்கித் திருக, ஆக்ஸில் எதிர்த்திசையில் திருகிக்கொள்ளும். பட்டை 'எஸ்' போல வளையும், பிறகு பட்டென்று விடுபடும், மறுபடி வளையும். டயர் தரையில் தவளைபோலத் துள்ளும். ஷெவ்ரலேயே 1968-இல் ஒரு ஷாக் அப்ஸார்பரை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைத்து இதை அடக்கப் பார்த்தது. இன்று ஆக்ஸிலுக்கு அடியில் இரும்புக் கை ஒன்றைப் பொருத்திப் பட்டை வளையாதபடி தடுக்கிறார்கள்.

இன்னொரு கோளாறும் உண்டு. நீளவாட்டில் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தன் முறுக்கால் ஆக்ஸிலையே பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கிறது. வலப் பின் சக்கரம் இலேசாகிவிடும். சாதாரண டிஃபரன்ஷியலோ பிடிமானம் குறைந்த சக்கரத்தையே வீணாகச் சுழலவிடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் ஒரு தீர்வு. பேட்டரியை முன்னாலிருந்து எடுத்து டிக்கியின் வலது மூலையில் வைப்பது இன்னொன்று. முன் எடை குறைந்தது, பின் எடை கூடியது, இலேசான சக்கரத்தின் தலையிலேயே பாரம் ஏறியது. செலவு ஒரு நீளமான கேபிள், விதிப்படி வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச். இந்தத் தொழிலில் இதைவிட மலிவான இயற்பியல் கிடைக்காது.

கிளம்பும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும் படங்கள் புகழ்பெற்றவை. மூக்கு தூக்குவதால்தான் எடை பின்னால் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் முடுக்கம், மூக்கு தூக்குவது அதன் அடையாளம். முன் ஷாக் அப்ஸார்பர் எளிதில் நீளும்படி தளர்த்தினால் இந்தப் பெயர்ச்சி நடக்கும் பாங்கு மாறும். சாலையில் அதே தளர்வு, ஒவ்வொரு வேகத்தடையிலும் படகுபோல ஆட்டும். அதனால் கையால் திருகி இறுக்கமும் தளர்வும் மாற்றக்கூடிய ஷாக் அப்ஸார்பர் பொருத்துகிறார்கள். இந்தக் காரில் திருகுகளும் சுவிட்சுகளும் ஏன் இவ்வளவு என்று கேட்டால், விடை அதுதான்.

மூச்சு வாங்கும் இன்ஜின்

இன்ஜினுக்கு வருவோம். அது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. 5.7 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு 17,000 லிட்டர். பத்துக்குப் பத்து அறை ஒன்றை ஒன்றரை நிமிடத்தில் காலி செய்துவிடும். திறனைக் கூட்ட எல்லா வழியும் ஒரே வழிதான்: இன்னும் அதிகக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல்.

காற்றை அனுமதிக்கும் வாயிற்காவலன் கேம்ஷாஃப்ட். வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரம் தூக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை அதன் முட்டை வடிவக் குமிழ்கள் முடிவு செய்கின்றன. வேகமான சுழற்சியில் காற்றுக்கு உந்தம் கிடைத்துவிடும். பிஸ்டன் திரும்பி மேலே வரத் தொடங்கியும் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும். அதைப் பயன்படுத்த வால்வை நெடுநேரம் திறந்து வைப்பார்கள். உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவேளையும் நீளும்.

இதன் கடன் சிக்னலில் வசூலாகும். மெதுவாகச் சுழலும்போது அந்த உந்தம் இல்லை. திறந்த வாசல் வழியே எரிந்த புகை உள்பக்கம் திரும்பி, புதுக் காற்றில் கலந்து, ஒரு சிலிண்டர் எரிய, இன்னொன்று எரியத் தயங்குகிறது. ரசிகர்கள் காது கொடுத்துக் கேட்கும் அந்த 'லொடக்-லொடக்' முனகல், மூச்சுத் திணறலின் ஓசை. அதோடு உள்குழாயின் வெற்றிடமும் குறைகிறது. பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் இருக்கிறது. பெரிய கேம்ஷாஃப்ட் போட்டவரின் பிரேக் மிதி கல்லாக இறுகுவதன் காரணம் இது. வேகத்துக்காகச் செய்த மாற்றம் நிறுத்தும் உறுப்பில் போய் வலிக்கிறது; பேரேட்டில் இப்படித்தான் பற்று வேறு பக்கத்தில் எழுதப்படும்.

சாலையில் உறங்கி, தடத்தில் மட்டும் விழிக்கும் திறன் கிடைத்தால்? நைட்ரஸ் ஆக்ஸைடு அதற்குத்தான். அது எரிபொருள் இல்லை. ஆக்சிஜனைச் சுமந்துவரும் வாயு. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 விழுக்காடு, இதில் 36. பாட்டிலில் திரவமாக இருப்பது வெளிவந்ததும் ஆவியாகி, உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கூடவே பெட்ரோலையும் கூட்டாவிட்டால் வெப்பம் எகிறி பிஸ்டனில் ஓட்டை விழும். விவரம் தெரிந்தவர்கள் தொடக்கக் கோட்டில் இந்தப் பாட்டிலைத் திறப்பதில்லை. அங்கேதான் டயர் ஏற்கனவே தாங்கும் எல்லையில் நிற்கிறதே. நம் மூன்றாவது காரின் கணக்குப்படி மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் டயரிடம் இடம் மிஞ்சுகிறது. கூடுதல் திறனுக்கு வேலை அங்கிருந்துதான்.

ஒரே பல்சக்கரம், இரண்டு ஊர்கள்

கடைசிப் பல்சக்கர விகிதத்தைப் பார்த்தால் காரின் இரண்டு மனமும் தெரிந்துவிடும். 28 அங்குல டயர், பின் ஆக்ஸிலில் 4.10 விகிதம் என்றால், நேரடி கியரில் மணிக்கு 182 கிலோமீட்டரில் இன்ஜின் ஏறக்குறைய 5,600 சுற்றில் இருக்கும். 12 வினாடிக் காரின் முடிவு வேகம் இதை ஒட்டித்தான் வரும். திறன் உச்சத்தில் இருக்கும்போதே கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் மணிக்கு 100 கிலோமீட்டரில் 3,060 சுற்று. மூன்று மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்டால் தலை வலிக்கும், பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். 1969 கேமரோவின் கியர்ப்பெட்டியில் நேரடி கியருக்கு மேல் ஒன்றும் இல்லை. பிற்காலக் கியர்ப்பெட்டி ஒன்றைப் பொருத்தி 0.70 விகித ஓவர்டிரைவ் சேர்த்தால் அதே 100 கிலோமீட்டருக்கு 2,140 சுற்று போதும். இரட்டை வாழ்க்கையை உண்மையில் சாத்தியமாக்கிய பாகம் எது என்று என்னைக் கேட்டால், இந்த ஓசையில்லாத கியரைத்தான் சொல்வேன்.

தானியங்கிக் கியரில் டார்க் கன்வர்ட்டர் என்று ஓர் உறுப்பு உண்டு. எதிரெதிரே இரண்டு மின்விசிறிகள். ஒன்று மின்சாரத்தில் ஓடுகிறது, அதன் காற்றில் மற்றது சுழல்கிறது. காற்றுக்குப் பதில் இங்கே எண்ணெய். கார் நிற்கும்போதே இன்ஜின் எத்தனை சுற்றுவரை ஏற முடியும் என்பதை இது தீர்மானிக்கிறது. பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜினுக்குக் கீழ்ச் சுற்றில் பலம் இல்லாததால், 3,500 சுற்றுவரை வழுக்கவிடும் கன்வர்ட்டரைப் பொருத்துவார்கள். அந்த வழுக்கல் சாலையில் எண்ணெயைக் கொதிக்க வைக்கும். தனி ரேடியேட்டரும், வேகம் பிடித்ததும் இரண்டு விசிறிகளையும் பூட்டிவிடும் கிளட்சும் அதற்குப் பரிகாரம்.

நிறுத்தவும் வேண்டுமே

1,600 கிலோ கார் மணிக்கு 182 கிலோமீட்டரில் சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 20 லட்சம் ஜூல். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அத்தனையையும் பிரேக்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய டிரம் பிரேக் சூட்டை உள்ளேயே அடைத்து வைத்துத் தளர்ந்துவிடும். டிஸ்க் காற்றில் ஆறும். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் போடுவது, தடம் சாலை இரண்டுக்கும் நன்மையான அபூர்வ மாற்றம்.

பாதுகாப்பு விதிகள் அப்படி இல்லை. தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி இத்தகைய பழைய கார் 13.99 வினாடியோ அதற்குக் குறைவாகவோ ஓடினால் தலைக்கவசம் வேண்டும். 11.49-ஐத் தொட்டால் கூரைக்கடியில் எஃகுக் குழாய் வளைவு. 10 வினாடிக்குக் கீழே போனால் முழுக் கூண்டும் ஓட்டுநருக்குத் தனி உரிமமும். தடத்தில் அந்தக் குழாய் உயிர்காக்கும். சாலையில் யாரும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போவதில்லை. ஒரு சிறு மோதலில் தலைக்கு மிக அருகில் இருக்கும் கடினமான பொருள் அதே குழாய்தான். தடிமனான உறை சுற்றி அபாயத்தைக் குறைக்கிறார்கள். முழுக்க ஒழிக்க முடியாது.

இந்தச் சமரசம் எவ்வளவு தூரம் போகும்? 2005 முதல் ஹாட் ராட் இதழ் 'டிராக் வீக்' என்ற போட்டியை நடத்திவருகிறது. ஐந்து நாள் ஓட்டம். ஒரு திடலிலிருந்து அடுத்த திடலுக்குப் பொதுச்சாலையில் அதே காரை ஓட்டிப் போக வேண்டும், துணை வண்டி கூடாது. மொத்தம் ஆயிரம் மைல் அளவுக்குப் பயணம். 2019-இல் அங்கே டாம் பெய்லி 1969 கேமரோ உருவத்தில் கட்டிய கார் கால் மைலை 6 வினாடிக்குள் கடந்தது. கஞ்சனான கனமூலத்தை நினைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும்: 12 வினாடியை ஆறாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். அத்தனையையும் தரையில் இறக்கும் பிடிமானம் வேண்டும். அப்புறம் அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டும்.

நம் ஆள் அவ்வளவு தூரம் போகவில்லை. சீட்டு 12.1 என்கிறது, முடிவு வேகம் எதிர்பார்த்தபடி, முதல் 60 அடி கொஞ்சம் மந்தம். இன்ஜினைத் தொட வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும். அடுத்த முறை டயரில் இன்னும் கொஞ்சம் காற்று குறைத்துப் பார்க்க வேண்டும், ஷாக் அப்ஸார்பரை இரண்டு சொடுக்கு தளர்த்திப் பார்க்க வேண்டும். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். டிக்கியிலிருந்து கையகலக் காற்றுப் பம்பு ஒன்றை எடுத்துப் பின் டயரில் மாட்டுகிறார். 12 வினாடிக்காக இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். வீடு வெகு தூரம், அவர் காத்திருக்கிறார்.